காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதிய சொல்

மூன்று வருடம் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். ஆனாலும் நெக்லிஜென்ஸ் என்ற சொல் எனக்குப் பழக்கமானது சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் லைன் லீடர் ஆகியிருந்தேன். லைன் லீடர் என்றால் முப்பது பெண்களுக்கு மேலே ஒருத்தி, அவ்வளவுதான். இங்கிலீஷ் தெரியும் என்பதற்காகக் கொடுத்த பதவி. பெண்கள் என்னை 'இங்கிலீஷ் அக்கா' என்று கிண்டலடிப்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பதவி வந்த முதல் வாரமே ஒருத்திக்கு விரல் நுனியில் காயம். விபத்து ஃபார்ம் நிரப்பச் சொன்னார்கள். எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஃபைலைப் புரட்டினேன். பழைய ஃபார்மில், காரணம் என்ற கட்டத்தில் நெக்லிஜென்ஸ் என்று இருந்தது. அதற்கு முந்தையதிலும் அதுவே. அதற்கும் முந்தையதிலும். போனில் தட்டிப் பார்த்தேன், கவனக்குறைவு என்றது. கவனக்குறைவு யாருக்குத்தான் இல்லை? நானும் அதையே எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சொல்லில் எவ்வளவு வசதி என்பது போகப் போகத்தான் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் 'மெஷின் பழுது' என்று எழுதினால் லைனை நிறுத்துவார்கள். மெயின்டெனன்ஸ் ஆட்கள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், மீட்டிங் போட்டு என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். அன்றைய டார்கெட் அம்போ. நெக்லிஜென்ஸ் என்று எழுதினால் பத்தே நிமிடம், கையெழுத்து, ஃபைல், மறுபடி வேலை. எல்லா லைன் லீடர்களும் அப்படித்தான் எழுதினார்கள். தேதி எழுதுவது போல எழுதினோம். 'இவள் அலட்சியமாக வேலை செய்தாள்' என்று தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் எனக்குக் கை வந்திருக்காது. இங்கிலீஷில் எழுதியபோது யாரைப் பற்றியும் எதுவும் சொன்னதாகவே தோன்றவில்லை.

போன ஆடி மாதம், பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு அடிபட்டது. ஒயர் முனையில் பித்தளைத் துண்டை வைத்து அழுத்துகிற மெஷினில் இருந்தாள். அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு மூடி உண்டு. அதை மூடினால்தான் அழுத்துகிற அச்சு கீழே இறங்க வேண்டும். மூடியின் சென்சார் மூன்று நாளாக வேலை செய்யவில்லை, திறந்திருந்தாலும் அச்சு இறங்கியது. இது எனக்குத் தெரியும். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் ஓட்டச் சொன்னேன். வியாழக்கிழமை அவளுடைய ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பியவளிடம் ஃபார்மை நீட்டினேன்.

"இன்னாக்கா இது?"

"சும்மா ஃபார்மாலிட்டிதாம்ட்டி. கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

அடிபட்டது வலது கை. இடது கையால் கோணல்மாணலாகப் போட்டாள். 'சின்னப் பிள்ளை மாதிரி போடுதியே' என்று நான் சிரித்ததும் நினைவிருக்கிறது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து, முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் அவள் காத்திருந்தாள். கையில் கம்பெனி லெட்டர்.

"அக்கா, இத்தப் படிச்சு சொல்லுங்க. நாளைலேர்ந்து வராதன்றாங்க. ஏன்னு கேட்டா, உங்க லைன் லீடரே எழுதிக் குடுத்துகீறாங்க, அவங்களையே கேளுன்றாங்க."

வாங்கிப் படித்தேன். நாலே வரி. இரண்டாவது வரியில் என் சொல் இருந்தது, என் விரல் அதன்மேலேயே நின்றுவிட்டது. நெக்லிஜென்ஸ் காரணமாக வேலையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். நான் எழுதிய ஃபார்ம்களை யாராவது படிப்பார்கள் என்றே நான் நினைத்ததில்லை. ஃபைலுக்குள் போய்த் தூங்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இந்த வார்த்தைக்கு இன்னாக்கா அர்த்தம்?"

கவனக்குறைவு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வரவில்லை.

"அலட்சியம்."

"அலட்சியமா?" கட்டுப்போட்ட விரலை என் முன்னால் தூக்கிக் காட்டினாள். "என் கைய நானே அலட்சியம் பண்ணுவனாக்கா? மூடி வேல செய்லன்னு உங்க கைல நான் சொல்லல?"

சொன்னாள்தான். இரண்டு தடவை சொன்னாள். அவளுடைய கணவனுக்கு நிரந்தர வேலை கிடையாது, இரண்டு பிள்ளைகளின் படிப்பு இந்த வேலையில்தான் ஓடுகிறது. எனக்கு எல்லாமே தெரியும். எல்லாம் தெரிந்த கைதான் அதை எழுதியது.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்குமுன் எச்.ஆர். அறைக்குப் போனேன். சென்சார் மூன்று நாளாகப் பழுது, ஓட்டச் சொன்னது நான், ஃபார்மில் எழுதியது பொய் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அங்கிருந்தவர் படித்துவிட்டு, "இது உங்களுக்குத்தாம்மா பிரச்சினை. தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன்.

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. அவளை வேறு லைனில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு லைன் லீடர் பதவி போனது. இப்போது நானும் மெஷினில் உட்கார்கிறேன். அது பரவாயில்லை, உண்மையிலேயே நிம்மதிதான்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் அதே இடத்தில் ஆட்டோவுக்காக நின்றோம். மன்னிப்புக் கேட்டேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"எனக்கு மாத்தி எழுதிக் குடுத்துட்டீங்க. எனக்கு முன்னாடி அடிபட்டவங்களுக்கும் இதே வார்த்தையதானேக்கா எழுதுனீங்க? அவங்கள்லாம் எங்க?"

ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு விழுப்புரத்துப் பெண். மணிமங்கலத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒருத்தி. உள்ளங்கை கிழிந்த இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் காயம் ஆறி வருவாள் என்று பார்த்தோம், வரவில்லை. ஊரோடு போய்விட்டாள், கல்யாணம் முடிவாகியிருக்கும் என்று லைனில் சொல்லிச் சிரித்தவளே நான்தான். அவர்களும் இதே இடத்தில் இப்படி ஒரு லெட்டரை வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

"அவங்க போன் நம்பர் எதுனா இருக்குதா உங்க கைல?" என்றாள்.

போனை எடுத்துத் தேடினேன். ஒருத்தியுடையதுகூட இல்லை.