வேட்டியால் ஒரு பனிப்பாறை

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் உரும்பிராய்ப் பக்கம். நான் இணுவிலிலிருந்து சைக்கிளில் போய் வந்தேன். சண்டையால் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. பாடத்தில் வட அத்திலாந்திக் சமுத்திரம் வந்தது. கிறீன்லாந்தில் உடைகிற பனிப்பாறைகள் குளிர் நீரோட்டத்தோடு தெற்கே வரும், அவற்றின் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் அமிழ்ந்திருக்கும் என்று சொன்னேன். ஒருத்தரும் சந்தேகம் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

"நீங்கள் ஐஸ் பாத்திருக்கிறியள்தானே?"

"ஐஸ்பழம் குடிச்சிருக்கிறம் ரீச்சர். கரண்ட் இருக்கேக்கை."

"அதைத் தண்ணியிலை போட்டால் மிதக்குமோ?"

யாரும் போட்டுப் பார்த்ததில்லை. கைக்கு வந்த ஐஸ்பழத்தைத் தண்ணீரில் போடுகிற பிள்ளை எங்கள் பக்கத்தில் பிறந்திருக்கவில்லை.

அந்தக் கிழமையே அதிபர் பரிசளிப்பு விழாவைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

"சங்கீதத்துக்குப் பாட்டு இருக்கு. சமயத்துக்குப் பேச்சு இருக்கு. புவியியலுக்கு என்ன இருக்கு ரீச்சர்?"

"பனிப்பாறை இருக்கு சேர். அதிலை ஒரு பெரிய கப்பல் மோதித் தாழ்ந்த கதை. பிள்ளையள் நடிப்பினம்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"கப்பல் தாழுற வரைக்கும்."

"இருவது நிமிசத்துக்குள்ளை தாழவேணும்" என்று சொல்லி அனுமதி தந்தார்.

கப்பல் சுலபமாக முடிந்தது. வகுப்பில் பிள்ளைகள் இருக்கிற நாலு வாங்குகளைச் சேர்த்து, முன்னுக்கு ஒரு கரும்பலகையைச் சரித்து வைத்தோம். ஆனால் வாங்குகளை இழுத்தால் மண்டபத்தின் சீமெந்துத் தரை கீறுப்படும் என்று அதிபர் மறித்துவிட்டார். ஆகவே கப்பல் நிற்க, பனிப்பாறை வந்து மோதவேண்டியதாயிற்று. "சேர், பனிப்பாறை கப்பலைத் தேடிப் போறேல்லை" என்றேன். "இஞ்சை போகட்டும்" என்றார்.

பனிப்பாறைக்குக் கமுக மரத்தைப் பிளந்த சிலாகைகளால் கூடு கட்டினோம். என்னைவிட உயரம். உள்ளே இரண்டு பிள்ளைகள் நின்று அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். வகுப்பிலேயே நெட்டையானவள் முன்னால் நின்றாள். பின்னால் நின்றவள் கட்டை. அதனால் பனிப்பாறை எப்போதும் பின்பக்கம் சரிந்தே வந்தது. போர்ப்பதற்கு வெள்ளைத் துணி வாங்க வழியில்லை. பிள்ளைகள் தங்கள் தகப்பன்மாரின் வேட்டிகளைக் கொண்டுவந்தார்கள். கரைகளை உள்ளே மடித்துத் தைத்தோம். மடிக்கமுடியாமல் போன ஒரு பச்சைக் கரையைப் பாசி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள் நெட்டையானவள். பனிப்பாறையில் பாசி பிடிக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெறும் வெள்ளை துணிமூட்டைபோல் இருந்ததால், உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து மடிப்புகளில் பூசினேன். தள்ளி நின்று பார்க்கக் குளிர்வதுபோலவே இருந்தது. காய்வதற்காக மைதானத்தின் நடுவில் வைத்தோம்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவர் இருந்தார். ரயில் நின்றபின் அவர் வானத்தைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தார். அவர் கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"ரீச்சர், உதென்ன?"

"பனிப்பாறை."

அதற்கு அவர் ஆச்சரியப்படவில்லை. "உது மேலையிருந்து பாக்க என்னமாதிரித் தெரியும் எண்டு யோசிச்சனீங்களோ? கூடாரம் எண்டு நினைச்சுப் பிளேன்காரன் குண்டு போடப்போறான். நாங்கள் வெள்ளைச் சேர்ட்டுகளையே வெளியிலை காயப்போடுறேல்லை!"

நான் யோசித்திருக்கவில்லை. அவரே வீட்டிலிருந்து தென்னோலைக் கிடுகு கொண்டுவந்து தந்தார். பனிப்பாறையைச் சுற்றிவர மூடினோம். அடுத்தநாள் காலை போய்ப் பார்த்தபோது, அதைக் கொட்டில் என்று நம்பி ஒரு ஆடு உள்ளே படுத்திருந்தது.

விழாவன்று பெற்றோர் நிறையப் பேர் வந்திருந்தார்கள், ஸ்ரேசன் மாஸ்ரரும் வந்திருந்தார். பாதிப் பரிசுகள் கொடுத்து முடிந்ததும் எங்கள் நாடகம். பனிப்பாறை சரிந்து சரிந்து வந்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. கப்பல் தலைவியாக நடித்த பிள்ளை கையை நெற்றியில் வைத்து, "தூரத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறதே!" என்றாள். அப்போதுதான் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டது.

மண்டபம் ஒரு நிமிடத்தில் வெறுமையானது. சனம் மாமரத்தடியில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இறங்கியது. கடைசியாகப் பனிப்பாறை ஓடிவந்தது.

"கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

"ஏலாது ரீச்சர்! சிலாகை சட்டையிலை கொழுவீட்டுது!"

பிள்ளைகள் இருவரும் கூட்டோடு வாசலுக்குள் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். கூடு இறங்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு இறுகிவிட்டது. கடலில் இருக்கவேண்டியதற்கு நேர்மாறாக, அதன் பத்தில் ஒன்பது பங்கு மேலே நின்றது. மற்றவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டு நின்ற அதிபரும் ஸ்ரேசன் மாஸ்ரரும் நானும் வெளியே அகப்பட்டுப்போனோம். மாமரத்தின் கிளைகளுக்குள்ளால் வானம் நன்றாகத் தெரிந்தது. ஊரிலேயே வெள்ளையாக இருந்த ஒரே பொருள் எங்கள் முன்னால் நின்றது. அதற்குக் கீழே இரண்டு பிள்ளைகள்.

நான் சேலைத் தலைப்பை விரித்து அதன்மேல் போட்டேன். மண்ணிறச் சேலை. அது ஒரு வேட்டியின் கால்வாசியைக்கூட மறைக்கவில்லை. ஸ்ரேசன் மாஸ்ரர் பக்கத்து வேலிக் கிடுகைப் பிடுங்கி எறிய, அதிபர் தன்னுடைய கறுத்தக் கோட்டைக் கழற்றினார். விழாவுக்கென்று போட்டு வந்த கோட்டு. மூன்று பேரும் பனிப்பாறையைக் கட்டிப்பிடித்தபடி படுத்துக் கிடந்தோம்.

"பிள்ளையள், இருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம் ரீச்சர்" என்று உள்ளேயிருந்து இரண்டு குரல் வந்தது. இதை வெள்ளையாகச் செய்யச் சொன்னது நான்தான் என்பதைத் தவிர வேறொன்றும் நினைவில் வரவில்லை.

எங்கேயோ இரண்டு முறை குண்டு விழுந்தது. நிலம் அதிர்ந்து மாவிலை கொட்டியது. பிறகு சத்தம் தேய்ந்து போய்விட்டது. சிலாகைகளை முறித்துத்தான் பிள்ளைகளை வெளியே எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வந்து, புத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்குள் விழுந்ததாகச் சொன்னார். வாழைகளும் ஒரு பம்ப் கொட்டிலும் போயிருந்தன. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பவும் கதிரைகளில் வந்து இருந்தார்கள். ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார்:

"அப்ப கப்பலுக்கு என்ன நடந்தது?"

அதிபர் என்னைப் பார்த்தார். "மிச்சத்தையும் நடத்துங்கோ ரீச்சர். கெதியா."

கூடு முறிந்துபோனதால் பிள்ளைகள் இருவரும் வேட்டிகளைத் தலையோடு போர்த்துக்கொண்டு நடந்து வந்து கரும்பலகையில் மோதினார்கள். வேட்டிகளிலும் மற்றப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளிலும் செம்மண் அப்பியிருந்தது. கப்பல் தலைவி வசனத்தை மறந்து, "எல்லாரும் இறங்குங்கோ!" என்று வீட்டுத் தமிழில் கத்தினாள். எழுதிக் கொடுத்ததைவிட அது நன்றாக இருந்தது. வாங்குகளில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் படுத்தார்கள். முன்வரிசையில் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தார். கப்பலுக்காகத்தானா என்று நான் விசாரிக்கவில்லை.

வேட்டிகளைப் பள்ளிக்கூடக் கிணற்றடியில் நானும் பிள்ளைகளும் தோய்த்தோம். செம்மண் போயிற்று, நீலம் முழுதாகப் போகவில்லை. அந்த வருடக் கோயில் திருவிழாவில் சிலர் இளநீல வேட்டியோடு வடம் பிடித்தார்கள். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உதுக்கென்ன ரீச்சர், வடிவாய்த்தானே கிடக்கு" என்றார்.

அடுத்த பாடத்துக்கு நான் நீரோட்டப் படத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது நெட்டையானவள் எழும்பினாள்.

"ரீச்சர், கப்பல் மூழ்கின பிறகு அந்தப் பனிப்பாறைக்கு என்ன நடந்திருக்கும்?"

புத்தகத்தில் அது இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். தெற்கே போயிருக்கும். வெந்நீரோட்டத்தைச் சந்தித்ததும் கரையத் தொடங்கியிருக்கும். சில கிழமைகளில் ஒன்றுமில்லாமல் போயிருக்கும்.

"ஒருத்தரும் காணேல்லையோ?"

"கண்டிருப்பினம். விலத்திக்கொண்டு போயிருப்பினம்."

அவள் வாங்கில் இருக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உது சோதினைக்கு வராது" என்றேன்.

"தெரியும் ரீச்சர்" என்றாள்.