இடது இருக்கட்டும்

நான் சின்ன கார் வாங்கியதற்குக் காரணம் மைலேஜ் என்று சொன்னால் எங்கள் தெருவில் எல்லோரும் தலையாட்டுவார்கள். தறி நெய்கிறவன் வேறு எந்தக் காரை வாங்குவான் என்று அவர்களுக்குத் தோன்றும். அது பாதி உண்மை. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெட்ரோல் பங்க்கில் போய் நிற்க எனக்குக் கூச்சம். எவ்வளவு போடணும் என்று அந்தப் பையன் சத்தமாகக் கேட்பான். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். நான் சொல்வது அவனுக்குக் கேட்காது, திரும்பச் சொல்லும்போது எனக்கே கேட்காது. கொஞ்சமாகக் குடித்து நிறைய ஓடும் வண்டியாக இருந்தால் அங்கே அடிக்கடி போக வேண்டியதில்லை.

கார் வேண்டும் என்ற நினைப்பு மகளால் வந்தது. அவளை முசரவாக்கத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை கம்பெனி வேலை. கல்யாணமான மறு வருஷம் உண்டானாள், தங்கவில்லை. அது யார் தவறும் இல்லை, சில சமயம் அப்படி ஆகும் என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். ஆனால் அந்த வாரம்தான் ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தாள். ஆட்டோவின் குலுக்கல்தான் என்று என் மனைவி மனதில் பதிந்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் பாத்திரம் கழுவுகிற கை ஒரு நொடி நிற்கும். அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது முறை உண்டானபோது மகள் போனில் சொன்னாள். மனைவி போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றாள். அன்று சாயந்திரமே நான் ஒரு தரகரைத் தேடிப் போனேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். வளையல் போட்டு, கலந்த சாதம் வைத்து, அன்றைக்கே பெண்ணைக் கூட்டி வந்துவிடுவோம். அந்த ஒரு பயணத்தை அவள் குலுங்காமல் வர வேண்டும். என் தலைக்குள் இருந்தது அவ்வளவுதான்.

தரகர் காட்டிய வண்டி பழையதுதான், ஆனால் ஒருவரே பத்திரமாக வைத்திருந்தது. வாங்குவதற்கு முன் எங்கள் வீட்டுச் சந்தின் அகலத்தை முழம் போட்டு அளந்தேன். பிள்ளையார்பாளையத்துச் சந்துகள் காருக்காக உண்டானவை அல்ல. காரையும் முழம் போட்டேன், சரியாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று இரண்டு பக்கமும் கண்ணாடி சுவரில் இடித்தது. காதை விட்டுவிட்டு முகத்தை மட்டும் அளந்திருக்கிறேன். அன்றிலிருந்து சந்துக்குள் நுழையும் முன் இறங்கி, இரண்டு கண்ணாடியையும் மடக்கிவிட்டு ஏறுவேன். காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தால் வண்டியை எடுக்க முடியாது. அந்த நீளப் பட்டு நூல் முழுவதையும் சுருட்டி எடுத்துப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. என் பாவையும் அங்கேதான் நீட்டுகிறோம்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிட வயதில் சின்னவர். நான் பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணே என்பார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து வண்டி ஓட்டும் குடும்பம். முதல் நாளே அவர் ஆச்சரியப்பட்டார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கிளட்சை விடும்போது வண்டி துள்ளும், அணையும். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. இடது கால் ஏற, வலது கால் இறங்க, வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. முன்னாடியே ஓட்டி இருக்கீங்களா அண்ணே, பொய் சொல்லாதீங்க என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வயதில் ஒருவர் என்னைப் பாராட்டி நாளாகியிருந்தது.

நிறுத்தச் சொன்னபோதுதான் தெரிந்தது. பிரேக்கில் கால் வைத்தேன். வண்டி இரண்டு முறை உதறி, இடித்து, அணைந்தது. நிற்கும்போது கிளட்சையும் சேர்த்து மிதிக்கணும் அண்ணே என்றார். தெரியும் என்றேன். மறுபடி கிளம்பி மறுபடி நிறுத்தினேன். அதே உதறல். அவர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததைக் கால் கேட்கவில்லை. லைசென்சுக்கு ஓட்டிக் காட்டிய மைதானத்தில் எதிரே எதுவும் வரவில்லை. முடிவில் நின்றபோது ஒரு தரம் இடித்தது, அதற்குள் அதிகாரி அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

தெருவுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் என் சிறுவயதுச் சினேகிதர், அவரும் நெய்கிறவர். வாரம் தவறாமல் முதலில் மைலேஜ் விசாரிப்பார். "இன்னா குடுக்குது வண்டி?" நான் சொல்லுவேன். "குடுக்காம இன்னா பண்ணும்? நீ பாதி வழி ஆஃப் பண்ணிட்டுத்தானே வர்ற" என்பார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆனால் தறியில் உட்கார்ந்தால் அந்த இடி வயிற்றில் கேட்டுக்கொண்டிருக்கும். ஆட்டோவே மேல் என்று ஆகிவிடுமோ என்று நினைப்பேன். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் தறியைச் சொல்ல வேண்டும். நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோத்து நெய்ய வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் வலப்பக்கம் குழியில் கால் விட்டு உட்கார்ந்து மிதிப்பேன். அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவைப் போடுவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த இடம்தான் அவளுக்கு. என் முகத்தைப் பார்த்ததைவிட என் கால்களைத்தான் அவள் அதிகம் பார்த்திருப்பாள். எந்தக் கால் இறங்குகிறது என்று பார்த்துத்தான் அவள் கை நீளும்.

காரிலும் அவளுக்கு என் இடப்பக்கம்தான் கிடைத்தது. முதல் தடவை மாகறல் கோயிலுக்குப் போனோம். போகும்போது கோயில் வாசலில் வண்டி உதறி அணைந்தது. மகள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்பும்போது சாலையைப் பார்க்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மாட்டுக்காக நிறுத்தினேன், உதறி அணைந்தது. மாடு போயிற்று. நான் சாவியைத் திருப்பவில்லை.

"நீங்க தறி மெதிக்கிறீங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் காட்டினாள். ஒரு கை இறங்கும்போது மறு கையைத் தூக்கினாள். தறிக்குழியில் இரண்டு மிதிகட்டை. ஒன்று கீழே போனால் மற்றது மேலே வரும், இரண்டும் சேர்ந்து கீழே போகவே போகாது. என் கால்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கிளம்பும்போது ஒரு கால் ஏறி ஒரு கால் இறங்குவது தறியின் கணக்கு, அதனால் வெண்ணெய் மாதிரி கிளம்பினேன். நிற்கும்போது இரண்டு காலும் ஒன்றாகக் கீழே இருக்க வேண்டும். வலது கால் பிரேக்கில் இறங்கியதும் இடது கால் தானாகக் கிளட்சை விட்டு எழுந்துவிடுகிறது.

"வலது எறங்கும்போது நான் சொல்றேன். இடது இருக்கட்டும்" என்றாள்.

அதன்பிறகு வேலை முடிந்த சாயந்திரங்களில் நாங்கள் வெளியே போக ஆரம்பித்தோம். தெருவில் என்ன நினைத்தார்களோ, இந்த வயதில் ஜோடியாகச் சுற்றுகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பேச்சென்று பெரிதாக ஒன்றுமில்லை. எதிரே வேகத்தடை தெரியும். அவள் "இடது" என்பாள். என் கால் அப்படியே நிற்கும். ஒரு பஸ் குறுக்கே வரும். "இடது." சில நாட்களில் சொல்வதையும் விட்டுவிட்டு என் இடது முழங்காலைத் தொட ஆரம்பித்தாள். தொட்டால் கால் கீழேயே இருந்தது. தொடாவிட்டால் எழுந்தது. பழக்கம் தானாக வரவே இல்லை. நான் இதைப் பாயிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்காவை விட்டுட்டு வண்டியை எடுக்காதீங்க அண்ணே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

முசரவாக்கத்தில் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. மகளுக்கு மணிக்கட்டு தெரியாமல் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தார்கள். நடந்தாலும் திரும்பினாலும் சத்தம். சாப்பாடானதும் சம்பந்தியம்மா என் மனைவியிடம் பெரிய வண்டி ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். என் கார் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. அங்கே வந்து நிற்கும்போது அது இடிக்கவில்லை, என் மனைவி முன்சீட்டில் இருந்தாள். ஆனாலும் மாப்பிள்ளை என் காரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பெரிய வண்டியே சொல்லுங்கள் என்று சொல்லிவிடத்தான் இருந்தேன்.

மகள் படியிறங்கி வந்து காரின் பின்கதவைத் திறந்தாள். "எங்கப்பா வண்டியிலயே போறேன்" என்றாள் மாமியாரிடம். பிறகு என்னைப் பார்த்து, "மெதுவா ஓட்டுபா. நான் தூங்கினு வருவேன்."

அப்போதுதான் நான் யோசிக்காத ஒன்று முன்னால் வந்து நின்றது. அவள் பின்சீட்டில் அம்மா மடியில் தலை வைத்துச் சாய்ந்துகொண்டாள். என் இடப்பக்கம் சீட்டில் வளைகாப்புத் தட்டுகளும் பழக்கூடையும் ஏறின. என் முழங்காலைத் தொட யாரும் இல்லை. மாப்பிள்ளை பைக்கில் பின்னால் வந்தார்.

வண்டி எனக்கே கேட்காமல் கிளம்பியது. கிராமத்து ரோட்டில் பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சுற்றினேன். ஏ.சி. போடவில்லை, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியிருந்தோம். வளையல் சத்தம்தான் எனக்கு அளவு. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் பின்னால் கிணிங் என்று கேட்கும். கேட்டதும் இன்னும் மெதுவாகப் போவேன். கொஞ்ச தூரத்தில் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். மகள் கண்ணை மூடியிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது.

முதல் வேகத்தடை வந்தது. மனைவி "இடது" என்று சொல்லுவாள் என்று காதைக் கூர்மையாக வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை விழித்துக்கொள்வாள் என்று எனக்கும் தெரியும். வலது கால் பிரேக்குக்குப் போகும்போது என் இடது தோளில் ஒரு கை வந்து அழுத்தியது. பின்னாலிருந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை நீட்டியிருக்கிறாள். என் இடது கால் அழுந்தி அங்கேயே இருந்தது. வண்டி குறைந்தது, ஏறியது, இறங்கியது. வளையல் பேசவில்லை.

அந்தக் கை அப்புறம் எடுக்கப்படவில்லை. தடை வரும்போது அழுத்தும், போனதும் தளரும். அவள் எப்படிச் சாலையைப் பார்த்தாளோ தெரியாது. முன்னால் என் தலை மறைத்திருக்கும், மடியில் பிள்ளை. சாலையைப் பார்க்காமல் என் தோளைப் பார்த்தே தெரிந்துகொண்டாளோ என்னவோ.

ஊருக்குள் நுழைந்து திரும்பிய இடத்தில், எந்த அறிகுறியும் இல்லாமல் எதிரே சாமி வந்துவிட்டது. ஏதோ உற்சவம். மேளம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது போல, தெருமுனையில் திரும்பும்வரை எனக்குக் கேட்கவில்லை. பல்லக்கைத் தூக்கியவர்கள் நேரே வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு வேன். நான் நின்றே ஆக வேண்டும், சட்டென்று. வலது கால் இறங்கியது. இடது கால் எழத் தொடங்கியதை நான் உணர்ந்தேன். அதே நொடியில் தோளில் இருந்த விரல்கள் எலும்பு தெரிய அழுத்தின.

வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் கம்பி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சாமி எங்கள் பக்கத்தில் ஜன்னலை உரசுகிற மாதிரி போயிற்று. கற்பூர வாசனை உள்ளே வந்தது. தெருவில் எல்லோரும் கை கூப்பினார்கள். பைக்கை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் காலும் எழுந்துவிடுமோ என்று பயம். கண்ணாடியில் பார்த்தேன். அவளும் கும்பிடவில்லை. ஒரு கை மகள் தலையில் இருந்தது, ஒரு கை என் தோளில் இருந்தது.

சந்து வாசலில் கண்ணாடிகளை மடக்க நான் இறங்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அங்கே நின்றிருந்தார். வாயைத் திறந்தார், கேலிக்குத்தான். பின்சீட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் கேட்காமலே அவரே ஒரு பக்கத்துக் கண்ணாடியை மடக்கிவிட்டு, எனக்கு முன்னால் நடந்து, சந்தில் விளையாடிய பிள்ளைகளை ஓரம்கட்டிக்கொண்டே போனார். நான் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கை மறுபடி தோளுக்கு வந்துவிட்டது.

வீட்டு வாசலில் நிறுத்தி நானாகவே சாவியைத் திருப்பி அணைத்தேன். அந்த அமைதியில்தான் மகள் கண் விழித்தாள். வளையல்கள் சரிந்து சத்தம் போட்டன.

"இன்னும் கெளம்பலையாபா?" என்றாள்.

அவள் அம்மா சிரித்தாள். என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மரத்துப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு எதிர்வீட்டுக்காரர் மனைவிக்கு, ஆரத்தி கரைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள். நான் இரண்டு காலையும் அப்போதும் கீழேதான் அழுத்தி வைத்திருந்தேன்.