கூடையை இறக்காத வல்லாரை

தொம்மலூரில் எங்கள் ஆபீஸ் லிப்டில், முதுகுப் பெட்டியோடு நுழைய முடியாமல் டெலிவரிக்காரர் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார். சட்டென்று எனக்கு நான் வளர்ந்த ஜோகுபாளையத்து ஈரக் கீரை வாசனை வந்தது.

"ஞாபகத்துக்கு வல்லாரை" என்று கூவிக் கீரை விற்றவர் என் பெரியப்பா. தலைக்கூடையை வாசலில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். ஒரு வருடம் அது அவருக்கு மறந்துபோக ஆரம்பித்தது. கூடை வாசல் நிலையில் முட்டி, வல்லாரை எங்கள்மேல் கொட்டும். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம்.

"கூடைய எறக்கிட்டு வாய்யா, வூடு எங்கியும் ஓடிடாது" என்பார் பெரியம்மா.

"இது யார் வூடும்மா?" என்று ஒருநாள் அவரிடமே கேட்டார் பெரியப்பா. அதன்பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

அல்சைமர் மறதி நோயோடு தொடர்புள்ள ஒரு புரதத்தின் குழிக்குள் எந்த மூலிகைச் சேர்மம் பொருந்தும் என்று கம்ப்யூட்டரில் தேடுவது இப்போது என் வேலை. வல்லாரையின் முக்கியச் சேர்மம் உள்ளே நுழையவில்லை என்று நேற்றுதான் பட்டியலிலிருந்து நீக்கினேன். அதன் முதுகில் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிய பெரிய சுமை. சாப்பிட்டால் குடலிலேயே அது கழன்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சுமையோடு முட்டவிட்டிருக்கிறேன்.

பொருந்துமா, தெரியாது. லிப்ட் மேலே போனதும் முதல் வேலையாகச் சர்க்கரையை இறக்கிவைத்துவிட்டு, வல்லாரையை மறுபடி வாசலுக்கு அனுப்பப்போகிறேன்.