பச்சை பெல்ட்டில் இரண்டு விரல்

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் சாலையைக் கடந்து வருகிறார். வேட்டிமேல் அகலமான பச்சை பெல்ட். எட்டி எட்டி நடை. பின்னால் அவர் மனைவி அந்த பெல்ட்டில் இரண்டு விரலை மாட்டிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக, இடமும் வலமும் அசைந்தபடி இழுபட்டு வருகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்ததும், டீ வாங்க வந்த அந்த அம்மாவிடம் கேட்டே விடுகிறேன்.

“அவரைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லக் கூடாதுங்களா?”

அவர் சிரிக்கிறார். “முட்டி வலி எனக்குத்தானுங்க. ஆனா விழுகறது அவருங்க. மெதுவா நடந்தா அப்படியே சாஞ்சுருவாரு. தடி வாங்கிக் குடுத்தா ஊட்டுலயே வெச்சுட்டு வந்தர்றாரு. பொண்டாட்டி கையப் புடிச்சு நடந்தா கௌரவக் கொறச்சலாமுங்க. அதான் பின்னால இருந்து புடிச்சுக்கறனுங்க.”

தாராபுரம் பஸ் வந்து நிற்கிறது. “வா புள்ள, நேரமாச்சு” என்று அதட்டிக்கொண்டே பெரியவர் எழுகிறார். எழுந்தவர் நகரவில்லை, முதுகைக் காட்டியபடி நிற்கிறார். அம்மா மிச்ச டீயை நிதானமாகக் குடித்து முடித்துப் போகிறார். பெல்ட்டில் விரல் பட்ட பிறகுதான் பெரியவரின் கால் எழும்புகிறது.