எடை கூடினால் ஒரு பை

எடை கூடிவிட்டது என்று சொன்னால் எந்தக் கர்ப்பிணியும் சிரிப்பாள். சலவைக்கடையில் இஸ்திரி போடும் அந்தப் பெண் மட்டும் பேயறைந்தாற்போல் நிற்பாள். சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, ஏழை வீட்டுக் கர்ப்பிணிகளுக்குச் சத்துணவுப் பை கொடுப்பது பத்து வருஷமாக என் வேலை. பையில் பருப்பு, கடலை, பால் பவுடர், முட்டை இருக்கும். மெலிந்தவளுக்கு மாதம் இரண்டு பை, தேறியவளுக்கு ஒன்று. அது விதி.

மூன்றாம் மாதம் அவள் எலும்பும் தோலுமாக வந்தாள். இரண்டு பை கொடுத்தேன். நான்கில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தாள். கெட்டிக்காரி என்று முதுகில் தட்டி ஒரு பையோடு அனுப்பினேன். ஐந்தாம் மாதம், கூடியதெல்லாம் இறங்கிவிட்டது; மறுபடி இரண்டு பை. ஆறில் மறுபடி ஏற்றம். எனக்கு மண்டை காய்ந்தது. மெஷின்தான் கோளாறோ என்று நானே ஏறிப் பார்த்தேன். பாவி, என் எடையைக் கொஞ்சம்கூடக் குறைத்துக் காட்டவில்லை.

ஏழில் மறுபடி இறக்கம். வயிற்றில் பிள்ளை வளரவே இல்லை, அடுத்த மாதமும் இப்படியே வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவேன் என்றார் டாக்டர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பையை யாருக்காவது தூக்கிக் கொடுக்கிறாயா என்று அதட்டினேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

எட்டாம் மாதம் முள் இரண்டு கிலோ கூட்டிக் காட்டியது. வாயெல்லாம் பல்லாகப் பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் குறைச்சு எழுதுங்கக்கா.”

பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டாமா என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டு போனாள்.

“ரெண்டு பை வந்தா எனக்கும் மிஞ்சுதுக்கா. ஒண்ணுன்னா பிள்ளைங்க ரெண்டுக்கும் மாமியாருக்குமே சரியாப்போகுது. நல்லா சாப்பிட்டு வந்தா நீங்க ஒண்ணைக் குறைச்சிடறீங்க. நான் எடை ஏறணுமா, வேணாமா? எனக்கு ஒண்ணும் புரியலக்கா.”

அவள் குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். கார்டைப் பார்த்தேன். ஏற்றமும் இறக்கமும் என் கையெழுத்திலேயே இருந்தன. அவள் தேறிய மாதமெல்லாம் ஒரு பையைப் பிடுங்கியது நான்தான், அதுவும் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு. உள்ளதை எழுதினால் பை போகும். குறைத்து எழுதினால் ஆஸ்பத்திரி. பேனாவைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் உள்ளதை எழுதி, இரண்டு பையையும் கொடுத்தேன். மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“அப்ப அடுத்த மாசம்?”

“நீ சாப்பிடு.”

வரிசையில் அடுத்து நின்றவள் சிரித்துக்கொண்டே மெஷினில் ஏறினாள். முள் நன்றாகவே ஏறியிருந்தது. தட்டிக்கொடுப்பேன் என்று என் முகத்தையே பார்த்தாள். எனக்குக் கை எழவில்லை.