ரெண்டு இஞ்சு கீழே

எங்க ஊட்டுல பேச்சுன்னு ஒண்ணு நடக்கணும்னா கரண்ட் போகணும், இல்லீன்னா நாங்க ரெண்டு பேரும் பைக்குல ஏறணும். பள்ளிபாளையத்துல ஊட்டை ஒட்டியே பட்டறை, ஆறு விசைத்தறி. பகல்ல என் வீட்டுக்காரர் ஓட்டுவார், ராத்திரிக்கு ஒரு ஆளு. அந்தச் சத்தத்துல "சோறு ஆச்சு"ங்கறதையே கையாலதான் சொல்லோணும். தறி நின்ன நேரத்துல எதிருக்கெதிரா உக்காந்தாலும் அந்த மனுசனுக்கு வாய் வராது. ஆனா பைக்குல உக்காந்து ரோட்டைப் பார்த்துட்டாப் போதும், மனசுல இருக்கறதெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரும். ஹெல்மெட்டுக்குள்ள இருந்து அவர் முணுமுணுக்கறது எனக்கு மட்டுந்தான் விளங்கும். இருபது வருசமா எங்க சண்டை, சமாதானம், புள்ளையை எந்தக் காலேஜுல சேர்க்கறதுங்கற யோசனை எல்லாமே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எடப்பாடி ரோட்டுலதான்.

போன ஐப்பசியில பட்டறைத் தரையில எண்ணெய் வழுக்கி உழுந்தேன். வலது முட்டி ஒடஞ்சு ஆபரேசன் ஆச்சு. நடக்க ஆரம்பிச்சுட்டேன், ஆனா முட்டி ஒரு அளவுக்கு மேல மடங்க மாட்டேங்குது. பைக்குல பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் மேல தூக்கலா இருக்குமில்ல? ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார்றவ நான், வலது காலைத் தூக்கி அதுல வெக்க முடியல. அவ்வளவுதான், நான் பஸ்ஸு, அவர் பைக்குன்னு ஆகிப்போச்சு. எட்டு மாசம் "மாத்திரை போட்டியா"வைத் தவிர எங்களுக்குள்ள ஒரு பேச்சில்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஒரு நாள் தறிச் சத்தத்துக்கு மேல கத்தினேன்: "ஏனுங்க, அந்த ஃபுட்ரெஸ்ட்டைக் கீழ இறக்க முடியாதுங்களா?"

சங்ககிரியில லாரி பாடி கட்டற பட்டறை ஒண்ணுக்குப் போனோம். அதுக்கும் நான் பஸ்ஸு, அவர் பைக்கு. கொடுமையைப் பாருங்க.

பட்டறைக்காரர் லாரிக்கே பழகின கை. என் காலை ஒரு பார்வை பார்த்துட்டு அரை இஞ்சு கனத்துக்கு ஒரு இரும்புத் தகட்டைத் தூக்கிட்டு வந்தார். "ஏனுங்க தம்பி, உக்காரப் போறது நானு, நெல்லு மூட்டை இல்ல"ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே வெல்டிங் ராடை வண்டிச் சட்டத்துக்குக் கொண்டுபோனார். அப்பத்தான் என் வீட்டுக்காரர் பாஞ்சு வந்தார்.

"வண்டி மேல பத்த வெக்காதீங்க! ஏபிஎஸ் வண்டிங்க இது. வெல்டிங் கரண்ட் உள்ள பாஞ்சா பிரேக் பெட்டியே போயிரும். தனியா அடிச்சு, போல்ட் போட்டு மாட்டுங்க."

சட்டுனு பிரேக் புடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம இருக்கற வண்டி வேணும், பின்னாடி நீ உக்கார்றியேன்னு சொல்லி வாங்கினவர் அவர்தான். அதையும் ரோட்டுலதான் சொன்னார்.

மெல்லிசுத் தகடு வெட்டி, சைலன்ஸர்ல கால் படாம கொஞ்சம் வெளிய தள்ளி, ரெண்டு இஞ்சு இறக்கி, மடக்கற மாதிரியே செஞ்சாங்க. நான் ஒரு பழைய டயர் மேல உக்காந்திருந்தேன். மதியம் சாஞ்சு அந்த ஊரு மலைக்கோட்டைப் பக்கமிருந்து ஆனிக் காத்து வந்துட்டே இருந்துச்சு. வரிசையா நின்ன லாரிக்கெல்லாம் இன்னும் பெயிண்ட் அடிக்கல. கண்ணை மூடினா காதுக்குள்ள எங்க தறி ஓடுது, தொறந்தா இல்ல. தூங்கினேனா முழிச்சிருந்தேனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அந்த ஒரு மணி நேரம் எனக்கு யார் மேலயும் கோவமில்ல.

மாட்டி முடிச்சதும் அவர் மட்டும் ஒரு சுத்து போனார். சாவி போட்டா மீட்டர்ல ஏபிஎஸ்னு ஒரு மஞ்ச லைட் எரியும், வண்டி நகர்ந்ததும் அது அணையணும். திரும்பி வந்தவர் மூஞ்சி செத்துக் கெடந்துச்சு. அணையல. குனிஞ்சு பார்த்தா, பின்சக்கரத்துல இருந்து ஏபிஎஸ்ஸுக்கு வர்ற மெல்லிசு ஒயரைப் புதுத் தகடு நசுக்கிட்டு இருக்கு. நல்லவேளை, அறுந்து போகல. தகட்டோட ஓரத்தைக் கிரைண்டர்ல சீவி, ஒயரை ஒதுக்கிக் கட்டினாங்க. மறுபடி ஒரு சுத்து. இந்தத் தடவை தூரத்துலயே கையைத் தூக்கிக் காட்டிட்டு வந்தார்.

"ஏறு புள்ள."

ஏறினேன். வலது கால் தானாப் போய் அது மேல உக்காந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

ரோட்டோரம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு பின்னால போயிட்டே இருந்துச்சு. வெயிலு மஞ்சளா, ஒறைக்காம விழுந்துச்சு. எட்டு மாசமா சேர்த்து வெச்சிருந்த சண்டையில ஒண்ணுகூட வாய்க்கு வரல. அவர் தோள்ல கையைப் போட்டுட்டு சும்மா வந்தேன். வெகுதூரம் போனப்புறம் ஹெல்மெட்டுக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு.

"ஏம்புள்ள."

"சொல்லுங்க."

"அன்னிக்கு உழுந்தப்ப என்னையக் கூப்புட்டியா?"

அன்னிக்கு அவர் கடைசித் தறிகிட்ட, எனக்கு முதுகைக் காட்டி நின்னுட்டு இருந்தார். தொண்டை வறண்டு போற வரைக்கும் கூப்புட்டேன். நூல் அறுந்து தறி நின்னப்பத்தான் திரும்பினார். காதுல உழாத மனுசன்னு எட்டு மாசம் அதை வெச்சே அவரை மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன். அவரும் இத்தனை நாளா அதையேதான் நெனச்சுட்டு இருந்திருக்கார்.

"இல்லீங்க. வலியில வாயே வரல."

"வாயே வரலையா?"

"ஆமாங்க."

என் கைக்குக் கீழ அவர் தோள் மெதுவா எறங்குச்சு. இருபது வருசத்துல பைக்குல உக்காந்து நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.