பூஜ்யம் எண் தேநீருக்கு முதல் பரிசு

வான்ருவின் அப்பா ஜல்லி லாரி ஓட்டுபவர். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். நாந்தோவ் மலையடிவாரத்து விவசாயிகள் சங்கத்தில் மூன்று மாத ஒப்பந்தம். வசந்தகாலத் தேநீர்ப் போட்டிக்கு மதிப்பெண்களை வரிசைப்படுத்தும் கணினி நிரல் எழுதுவது வேலை. அதைச் சரியாக முடித்தால்தான் நிரந்தரம்.

நடுவர்களுக்கு யார் தேநீர் என்று தெரியாது. டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும்.

காலை ஒன்பதே முக்காலுக்குப் பட்டியல் அச்சாகி வந்தது. வெளியே பிளாஸ்டிக் முக்காலிகளில் விவசாயிகள் காத்திருந்தார்கள். கோப்பைகள் அடுக்கும் ஆஹோங் அதை எட்டிப் பார்த்தான்.

"முதல் பரிசு பூஜ்யம் நம்பரா? அப்படியொரு டப்பாவே இல்லியே! வெறுங்கோப்பைக்குப் பரிசு குடுத்துட்டியே தாயி!"

செயலாளர் சாய் சிரிக்கவில்லை. "பத்து மணிக்குப் பட்டியல ஒட்டணும். இல்லேன்னா கையால எழுதிக்கறோம். அப்புறம் உனக்கு இங்க வேலையில்ல."

திரையில் மதிப்பெண்கள் மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்கின. டப்பா எண்கள்தான் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வரிசையாக நின்றன. சோதித்தபோது மதிப்பெண்ணை மட்டுமே பார்த்திருந்தாள். நமக்கெல்லாம் இது எதற்கு, லாரியில் கிளீனராகப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

ஆஹோங் நடுவர்களின் மதிப்பெண் சீட்டுகளைப் பார்த்து முதல் பத்துக் கோப்பைகளைப் பரிசு வரிசைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கோப்பையோடும் அதன் டப்பாவையும் சேர்த்தே தூக்கினான்.

"டப்பா எதுக்கு?" என்றாள் வான்ரு. "கோப்பைய மட்டும் நகத்தினா போதாதா?"

"போதும். அப்புறம் இது எவன் வீட்டுத் தேத்தண்ணின்னு உங்கப்பனா வந்து சொல்லுவான்?"

அவள் கை விசைப்பலகைக்குப் பாய்ந்தது. வரிசைப்படுத்த அவள் போட்ட கட்டளை கோப்பைகளைப்போல மதிப்பெண்களை மட்டும் நகர்த்தி, டப்பா எண்களைத் தூக்கியெறிந்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து புதிதாக எண் போட்டிருந்தது. டப்பாவோடு நகர்த்தும் கட்டளையும் உண்டு. இதே பெயர்தான், முன்னால் ஓர் எழுத்து கூடுதல். போட்டாள். முதலில் 317 வந்தது. இந்தமுறை நம்பிவிடவில்லை. முதல் பத்து எண்களையும் ஆஹோங்கின் வரிசையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.

பட்டியல் ஒட்டிய மறுநொடி ஒரு பெண், 317 என்று எழுதிய கசங்கிய சீட்டைத் தலைக்குமேல் உயர்த்தி, "என்னுது! என்னுது!" என்று கத்தினாள்.

"குளிர்காலப் போட்டிக்கும் நீயே எழுதிடு," என்றார் சாய், கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "திங்கக்கிழமை வந்து நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடு."

"பூஜ்யம் நம்பர்ல எனக்கொரு கோப்பை ஊத்து," என்றான் ஆஹோங்.

அவள் வெறுங்கோப்பை ஒன்றை எடுத்து அவன்முன் மரியாதையாக வைத்தாள்.